மனைவி மீது சந்தேகப்பட்டு ஆத்திரத்தில் செய்த கொலைக்குத் தண்டனை குறையுமா?

தர்மபுரி டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கள் இப்படி ஒரு செய்தியைப் பார்த்ததும் ‘ஆத்திரத்துல பண்ணிட்டான், சீக்கிரம் வெளிய வந்துடுவான்’ என்பார்கள். சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை.

குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் நாட்டின் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடுமையான தூண்டுதல், அதுவும் திடீரென்று வந்தது, அதனால் தன் கட்டுப்பாட்டை இழந்த நிலையில் செய்தது என்று நிரூபித்தால், அது கொலை அல்ல, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம். 103ஆம் பிரிவின் தூக்கு அல்லது ஆயுளுக்குப் பதிலாக 105ஆம் பிரிவு வரும். (அதிலும் ஆயுள் தண்டனைக்கு இடமுண்டு, மறக்க வேண்டாம்.)

சிக்கல் ‘திடீர்’ என்ற சொல்லில்தான். 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவி வேறொரு ஆணுடன் இருந்த உறவை ஒப்புக்கொண்ட பிறகு குடும்பத்தை சினிமா தியேட்டரில் விட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, அப்புறம் அந்த ஆளைத் தேடிப்போய்ச் சுட்டார். நடுவில் சுமார் 3 மணி நேரம். மனம் ஆற அது போதும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

நம்மூர்க் கணக்கில் பாருங்கள். ஓசூரில் வேலை பார்ப்பவர் போனில் எதையோ கேள்விப்பட்டு, பஸ் ஏறி தர்மபுரி வந்து, வீட்டில் அரிவாளை எடுக்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தைத்தான் அரசு வக்கீல் முதலில் பிடிப்பார். வெறும் சந்தேகம் மட்டும் என்றால் தூண்டுதல் என்ற வாதமே நிற்பது கஷ்டம்.