சந்தோஷமாக இரு என்றால் வந்துவிடுமா?

கேள்வி: சோமனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தோம். கூலி கட்டுப்படியாகாமல், வட்டியும் ஏறிப்போய், போன வருஷம் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிட்டோம். வீட்டுக்காரர் இப்போது மில்லில் நைட் ஷிப்ட் போகிறார். வீட்டில் வாயே திறப்பதில்லை. மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தறிகளை லாரியில் ஏற்றிய அன்றைக்கு அந்த அக்காவோடு ராத்திரி வரைக்கும் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெபக்கூட்டத்தில், "சோதனையைச் சந்தோஷமா எண்ணு, கர்த்தர் உன்னை வளர்க்கிறார்" என்கிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது. "குலதெய்வத்தை விட்டு வேதத்துக்குப் போனதாலதான் இப்படி" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். எனக்கு விசுவாசம் இல்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புச் சகோதரி, அழுவது விசுவாசக் குறைவு இல்லை. இறந்துபோன நண்பர் லாசருவை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகிறபோது கண்ணீர் விட்டார். அவரே அழுத இடத்தில் உங்களை மட்டும் சிரிக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனம் பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், முதல் அதிகாரத்தில் இருக்கிறது. சொன்னவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். உடுத்த உடையும் அன்றைய சாப்பாடும் இல்லாத ஒருவரைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று வெறும் வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோசனம் என்று அதே யாக்கோபு கேட்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில், வேலை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிக்குப் போய்விட்டது என்கிறார். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராடிய ஊர்க்காரர் நீங்கள். இந்த வசனத்தை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நட்டத்தையும் அநியாயத்தையும் நல்லது என்று சொல்லச் சொல்லி யாக்கோபு கேட்கவே இல்லை. துன்பப்படுகிறவன் ஜெபம் பண்ணட்டும், மகிழ்ச்சியாக இருக்கிறவன் பாடட்டும் என்று அதே அதிகாரத்தில் தனித்தனியாகத்தான் சொல்கிறார். நீங்கள் இப்போது ஜெபிக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். பாட்டு வராவிட்டால் பரவாயில்லை.

அப்புறம் எதற்குச் சந்தோஷம்? சோதனை பொறுமையை உண்டாக்கும், அந்தப் பொறுமை ஆளை முழுமையாக்கும் என்பதுதான் அவர் சொல்கிற காரணம். அது ஒரு கூட்டத்தில், ஒரு ராத்திரியில் நடந்து முடிகிற வேலை இல்லை. அனுபவிக்கிறவருக்கே பெரும்பாலும் கண்ணில் படுவதும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்ததை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகிற அளவுக்கு, பலத்துக்கு மிஞ்சின பாரம் தன்மேல் விழுந்ததாக ஒளிக்காமல் சொல்கிறார். அதற்குச் சற்று முன்னால், தேவன் எங்களுக்குத் தந்த ஆறுதலினாலே மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல எங்களால் முடிகிறது என்கிறார். தறி போன வீட்டின் வலி தெரிந்ததால்தான் அன்றைக்கு உங்களால் எழுந்து வர முடியவில்லை. உங்களை வளர்க்கிறார் என்று அவர்கள் சொன்னது உண்மைதான், சகோதரி. அது நடந்துகொண்டும் இருக்கிறது. அந்த அக்காவோடு உட்கார்ந்திருந்தபோது உங்கள் மனதுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். யாக்கோபு சொல்கிற சந்தோஷம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொந்தக்காரர் பேச்சுக்கு யோவான் 9 போதும். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. ஆனால் இதை வைத்து அவர்களிடம் வாதம் பண்ண வேண்டாம். மாமியாரைப் பார்க்க வந்தால் காப்பி கொடுத்து உட்கார வையுங்கள். அவர்களுக்கும் அவர் வேண்டியவர்தானே.

வீட்டுக்காரரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சொந்தத் தறியில் நின்ற மனுஷன் இன்னொருவர் மில்லில் ஷிப்டுக்கு நிற்பது லேசான காரியம் இல்லை. அவரிடம் வசனம் சொல்லாதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். லீவு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய தறிக்கதையைப் பேச விடுங்கள். அவர் திட்டினாலும், அழுதாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கமும் சாப்பாடும் விட்டுப்போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

மாமியாருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம் அது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அதில் உண்டு. இனி ஜெபக்கூட்டத்தில் யாராவது அந்த வசனத்தைச் சொன்னால், "சரிங்க்கா, வாரத்துல ஒரு சாயங்காலம் வந்து அத்தைகூட இருங்க, நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.