காலாண்டு லீவில் நைரோபி

கேள்வி: பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே லீவு. அப்போது கென்யாவின் தலைநகர் நைரோபிக்குப் போய், அப்படியே மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் சிங்கமும் பார்த்துவிட்டு வரலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம். ஆண்டிலேயே நைரோபிக்குத் தோதில்லாத மாதங்கள் அந்த இரண்டும்தான். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருக்கும் ஊர் அது. நிலநடுக்கோட்டை ஒட்டி நகரும் மழைமேகப் பட்டை வடக்கே போகும்போது ஒரு தடவை, தெற்கே திரும்பும்போது ஒரு தடவை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் மே வரை பெருமழை, ஏப்ரலில் உச்சம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சிறுமழை. 2024 ஏப்ரல் கடைசியில் நைரோபியின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின.

நகரத்துக்குள் என்றால் குடையை வைத்துச் சமாளித்துவிடலாம். மாராவில்தான் வினை. அங்கே பல இடங்களில் கரிசல் மண். நனைந்த கரிசல் என்ன செய்யும் என்று கோவில்பட்டிக்காரருக்குச் சொல்லவே வேண்டாம்: டயரின் வெட்டுகளை அப்பி அடைத்துவிடும், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட வழுக்கிக்கொண்டு நிற்கும். இறங்கித் தள்ளலாம் என்றால் அது சிங்கம் உலவும் இடம். போதாக்குறைக்குப் புல் உயர்ந்துவிடும். பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கம் கண்ணில் படாது.

உங்களுக்கு ஏற்றது காலாண்டுத் தேர்வு லீவு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் கூட்டமாக இடம்பெயரும் வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற பெரிய மான்) மந்தைகள் மாராவில் இருக்கும். மேய்ந்து மேய்ந்து புல்லும் குட்டையாகியிருக்கும். நைரோபித் தெருக்களில் ஜகரண்டா ஊதா நிறத்தில் பூக்கத் தொடங்கியிருக்கும். நகரத்துக்கு 2 நாள், மாராவுக்கு 3 நாள் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அரையாண்டு லீவை நம்பாதீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் நைரோபியிலிருந்து கடற்கரை நகரமான மொம்பாசாவுக்குப் போகும் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பிள்ளைகளின் லீவு கணக்கில்லாதவர்களுக்கு ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்லது. காய்ந்த வானிலை, பகலில் 25, 26 டிகிரி. செலவும் குறையும்: 2024 முதல் மாராவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு ஜூலை–டிசம்பரில் 200 டாலர், ஜனவரி–ஜூனில் 100 டாலர். மந்தைகள் அப்போது தான்சானியாவில், செரங்கெட்டியின் தென்பகுதியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். சிங்கங்கள் மாராவை விட்டு எங்கும் போவதில்லை.

கேள்வி: ஜூலையில் அலுவலக வேலையாக நைரோபி போகிறேன். ஆப்பிரிக்க வெயிலுக்குப் பருத்திச் சட்டைகள் போதும்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். நைரோபி கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிட உயரம், குன்னூரைவிடச் சற்றுத் தாழ்வு. ஜூலைதான் அங்கே குளிர் உச்சம். பகலில் 21, 22 டிகிரி, விடியற்காலையில் 11, 12. பல நாள் மேகமூட்டத்தில் வெயில் தலைகாட்டாது. விடுதி அறையில் ஹீட்டர் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். நைரோபி தேசியப் பூங்காவை ஒரு காலை நேரம் பார்க்க நினைத்தால் காற்று புகாத மேல்சட்டையும் தேவை. கூரை திறந்த வண்டியில் நின்றுகொண்டு போகும்போது காது விறைத்துவிடும்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எப்போது போட வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார நிலையத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டுடன் போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ 60 வயது கடந்திருந்தாலோ முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெட்டியில் எதை வைக்கக் கூடாது?
– வாசகி, நாமக்கல்

பதில்: கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் கவர். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் தடை. பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தாலும் பிரித்து எடுத்துவிடுவார்கள். ஈரத்துணிக்கும் செருப்புக்கும் மஞ்சப்பை போதும்.