பொம்மைப் படமும் ஒரு தகர டப்பாவும்

கேள்வி: ஜப்பான் அனிமே படங்களைப் பற்றி அடிக்கடி உருகி உருகி எழுதுகிறீர்கள். ஐம்பதைத் தொட்ட மனிதர் குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படத்துக்கு இப்படி அடிமையாகலாமா? நம் பிள்ளைகள் ராமாயணம்கூடத் தெரியாமல் வளர்வதற்கு உங்களைப் போன்றவர்களும் ஒரு காரணம் இல்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: தீவிர ரசிகன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ‘பொம்மைப் படம்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு தகராறு.

இருபத்தேழு வயதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்தேன். ஒரு ராத்திரி பக்கத்து அறை நண்பர் ஒரு சிடி கொண்டுவந்தார். 1988-இல் இசாவோ தகாஹாதா எடுத்த ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. கார்ட்டூன்தானே என்று நானும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தேன். 1945, இரண்டாம் உலகப்போர், ஜப்பானின் கோபே நகரம். விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டுகின்றன. தாயை இழந்த பதினான்கு வயது அண்ணன், நாலு வயதுத் தங்கை. அவளிடம் ஒரு பழமிட்டாய் டப்பா, தகரத்தில் செய்தது. மிட்டாய் தீர்ந்துபோகிறது. அண்ணன் டப்பாவுக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தருகிறான். அடியில் ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்த அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் பழங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பிறகு பசி முற்றியபோது, விளையாட்டுக் கண்ணாடிச் சில்லை மிட்டாய் என்று நினைத்துச் சப்புகிறாள். கடைசியில் அதே டப்பாவில் அவளுடைய எலும்புகள் இருக்கின்றன. படம் முடிந்தபோது என் கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

அந்தத் தீயைத் தகாஹாதா கண்ணால் கண்டவர். 1945 ஜூன் 29-ஆம் தேதி ஒகாயாமா நகரம் எரிந்தபோது, ஒன்பது வயதுப் பையனாக ஓடித் தப்பியவர். மூலக் கதையை எழுதிய அகியுகி நோசாகா போர்க்காலத்தில் தன் குட்டித் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். ஒரு நாலு வயதுக் குழந்தையை கேமரா முன்னால் நிறுத்தி அப்படி மெலியவைக்க எந்த இயக்குநராலும் முடியாது, முடியவும் கூடாது. கோட்டால் முடிந்தது. வரைந்த முகம் என்பதாலேயே அந்த வேதனையை அவர்களால் கடைசி வரை காட்ட முடிந்தது. பெரியவர்களுக்கான படம் இல்லை என்று இதை எப்படிச் சொல்வீர்கள்? இன்னொன்றும் சொல்லவேண்டும். 1988 ஏப்ரலில் இந்தப் படம் தனியாக வரவில்லை. ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வோடு இரட்டைப் படமாக வந்தது. மழையில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு அப்பாவுக்குக் காத்திருக்கும் இரண்டு சிறுமிகளின் படம் அது. அக்கா-தங்கை, அண்ணன்-தங்கை, இரண்டும் ஒரே அரங்கில்.

ராமாயணம் பற்றிக் கேட்டீர்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-இல் ஒரு ஆவணப்படத்துக்காக இந்தியாவுக்கு வந்தவர். இங்கே ராமனைத் தெரிந்துகொண்டு, போய்ப் படித்து, நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு முழு ராமாயணத்தையும் அனிமேவாக எடுத்தார். 1990-களில் தயாரான அந்தப் படம் 2025 ஜனவரியில்தான் நம் அரங்குகளுக்குத் தமிழ் பேசி வந்தது. என் மகளை அழைத்துப் போனேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து கம்பனை எடுத்து என் மடியில் வைத்து, “அப்பா, ஜடாயு வருகிற இடத்தைப் படிங்க” என்றாள். அன்றிரவு பதினொரு மணி வரை படித்தோம். பிள்ளைகள் ராமாயணத்தை விட்டுப் போவது அனிமேயால் அல்ல. வீட்டில் அதை எடுத்துப் படித்துக் காட்ட ஆள் இல்லாததால்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண்களை அலங்காரப் பண்டமாக வரையும் தொடர்கள் நிறைய உண்டு. அவற்றை என் மகளுக்குக் காட்டமாட்டேன், நானும் பார்ப்பதில்லை. அதைவிட என்னை உறுத்துவது கூலி. ஒரு அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் படங்களை வரைகிற இளைஞர்களில் பலருக்கு, ஒரு தாளுக்கு இருநூறு யென் அளவில்தான் கிடைத்துவந்திருக்கிறது. நாம் வாய்பிளந்து பார்க்கும் ஒவ்வொரு நொடியும் அவர்களுடைய முதுகுவலி.

கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தை எனக்குப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். வரைகிறவர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, தானே பழக்கி, பெண்களுக்கு நிறைய இடம் கொடுத்த இடம். 2016-இல் அவர்கள் எடுத்த ‘எ சைலண்ட் வாய்ஸ்’ படத்தில் காது கேளாத ஒரு பெண் வருகிறாள். அவள் பேசுவது கையால். விரல்கள் தயங்கும், பாதியில் நிற்கும், அப்புறம் வேகமெடுக்கும். வசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த விரல்களை மட்டும் பார்ப்பதற்காகவே நான் அந்தப் படத்தை மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். அதன் பாத்திரங்களை வடிவமைத்தவர் ஃபுதோஷி நிஷியா. 2019 ஜூலை 18-ஆம் தேதி ஒருவன் அந்த நிறுவனத்தின் கட்டடத்தில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். 36 பேர் போய்விட்டார்கள். நிஷியாவும் அவர்களில் ஒருவர். முன்பின் பார்த்திராத மனிதர்களுக்காக அன்று நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அதிலிருந்து எந்த அனிமே பார்த்தாலும் கடைசிப் பெயர் வரிசை முடியும்வரை எழுந்திருப்பதில்லை. ஜப்பானிய எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் உட்கார்ந்திருப்பேன், மகளும் உட்கார்ந்திருப்பாள்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் தகர டப்பா படம் ஒன்றரை மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, மறுபடி இதே கேள்வியைக் கேட்க முடிந்தால் எழுதுங்கள். ஒரு எழுத்துகூட வெட்டாமல் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.