திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

"கணவருக்கு மாற்றலாகி ஜூனில் தஞ்சாவூரிலிருந்து கோவை வந்தோம். தமிழ்வழியில் படித்த மகளை மூன்றாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தோம். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுகிறாள். இங்கிலீஷில் ரொம்பப் பின்தங்கிவிட்டாள். பாட்டில் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அப்படியே கொண்டு வருகிறாள். வந்ததும் ஷூவோடு பாத்ரூமுக்கு ஓடுகிறாள், அப்படி ஒரு அவசரக்குடுக்கை. இன்னொரு ட்யூஷன் வைக்கலாமா?"
- ஒரு வாசகி, கோவை

வைக்காதீர்கள். இருக்கிற ட்யூஷனையும் காலாண்டுத் தேர்வு வரை நிறுத்துங்கள்.

அவசரக்குடுக்கையாம்! எட்டு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 300 மில்லிதான் கொள்ளும். காலையில் போனவள் மாலை வரை அடக்கிக்கொண்டு வருகிறாள். அடக்க வேண்டுமே என்றுதான் தண்ணீரையும் தொடுவதில்லை. தண்ணீர் இல்லாமல் மலம் இறுகினால் வயிறு நிஜமாகவே வலிக்கும். அதை நடிப்பென்று ஒருநாளும் திட்டாதீர்கள்.

"ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "பாத்ரூம் எந்தப் பக்கம்? தாழ்ப்பாள் விழுதா? மிஸ்கிட்ட எப்படிக் கேப்பே?" என்று கேளுங்கள். உங்கள் மகளுக்கு இப்போது தேவையான ஆங்கிலம் "மே ஐ கோ டு தி டாய்லெட், மிஸ்?" என்ற ஒரு வரிதான். வீட்டில் நீங்கள் டீச்சராக உட்கார்ந்து அதைப் பத்துத் தடவை சொல்ல வையுங்கள். வாய் வராத நாளில் சுண்டுவிரலைக் காட்டினால் அனுப்ப வேண்டும் என்று வகுப்பு ஆசிரியையிடம் பேசி வையுங்கள். இன்டர்வெல் மணி அடித்தால், வந்தாலும் வராவிட்டாலும் போய்விட வேண்டும். கூடப் போக ஒரு பெண்ணையும் அவரே சேர்த்துவிடட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2025-இல் தண்ணீர் குடிக்கவென்றே 'வாட்டர் பெல்' கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் எந்தப் பிள்ளை குடிக்கும்?

அந்தத் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர். மாற்றல் அவருக்கு. ஊரையும் சிநேகிதிகளையும் விட்டுவிட்டு வந்தது குழந்தை. உங்கள் கடிதத்தில் முதல் வரிக்கு அப்புறம் அவரைக் காணவே காணோம்! ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு, பள்ளியில் அனுமதி வாங்கி, வகுப்பு விட்டபின் மகளின் கையைப் பிடித்து வாசலிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து கழிப்பறைக்கும் நடக்கட்டும். தாழ்ப்பாளை அவளே போட்டுத் திறக்கட்டும். யூனிஃபார்ம் பெல்ட் அவள் கையால் கழலவில்லையென்றால் அன்றைக்கே மாற்றுங்கள். தாழ்ப்பாள் உடைந்திருந்தால் அவரே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்கட்டும்.

அரை லிட்டர் பாட்டில் போதும். பாதி காலியாகி வந்தாலே பயம் விலகத் தொடங்கியிருக்கிறது. எரிச்சல், காய்ச்சல், படுக்கையை நனைப்பது என்று ஏதாவது இருந்தால் நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.