பழைய ஜாஸ்-ராக் தேடுகிறீர்களா? முதலில் பின்னுறையைப் படியுங்கள்

கேள்வி: மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, வெதர் ரிப்போர்ட், ரிட்டர்ன் டு ஃபாரெவர் ஆகியோரைக் கேட்டுவிட்டேன். இவர்களுக்கு முன்பும் அதிகம் பேசப்படாத ஜாஸ்-ராக் குழுக்கள் இருந்தன என்கிறார்கள். ஆனால் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்துப் பெயர்கள்தான். இதற்கிடையே, அறிமுகமான ஒருவர் நியூக்ளியஸ் குழுவின் ‘எலாஸ்டிக் ராக்’ முதல் அச்சு இசைத்தட்டை 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இரண்டு நாளில் முடிவு கேட்கிறார். வாங்கலாமா? – ஒரு வாசகர், கோவை

வாங்க வேண்டாம். இவரிடம், இந்த அவசரத்தில், கட்டாயம் வேண்டாம்.

‘எலாஸ்டிக் ராக்’ அருமையான ஆல்பம். டிரம்பெட் கலைஞர் இயன் கார் 1969-இல் பிரிட்டனில் தொடங்கிய நியூக்ளியஸ், 1970-இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஜாஸ் விழாவில் முதல் பரிசு பெற்றது. அந்த ஆண்டே அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவிலும் வாசித்தது. ஆனால் இந்த இசை கிடைக்காத இசை அல்ல. வெர்டிகோ நிறுவனத்துக்காக அவர்கள் செய்த பதிவுகள் 2019-இல் 6 சி.டி. கொண்ட தொகுப்பாக வெளிவந்துவிட்டன. நீங்கள் கேட்டது புதிய குழுக்களை அறியும் வழி. அவர் விற்பது ஒரு பழம்பொருள். கேட்பதும் சேகரிப்பதும் இரண்டு வேறு ஆசைகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவதில்தான் இடைத்தரகர்களின் பிழைப்பு இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கோ அலமாரியில் இருந்த தட்டு இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கும். கெடு வைக்கிறவர், நீங்கள் சரிபார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே கெடு வைக்கிறார். சரிபார்ப்பது பெரிய வித்தையும் அல்ல. மூன்று படங்கள் கேளுங்கள்: தட்டின் நடுவில் இருக்கும் லேபிள், இசை முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வெற்று வளையம், உறையின் பின்பக்கம். அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த படத்தை அனுப்பி ஏமாற்றுவது இந்த வியாபாரத்தில் அன்றாடம் நடக்கிறது.

வெர்டிகோ தட்டுகளில் 1973 வரை கறுப்பு வெள்ளைச் சுழல் லேபிள் இருந்தது. அதன் பிறகு ரோஜர் டீன் வரைந்த விண்கல லேபிள் வந்தது. விண்கலம் இருந்தால் அது 1970-இன் அச்சு அல்ல, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சுழல் இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள், இன்றைய மறுவெளியீடுகளிலும் அதே சுழலை அச்சடிக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் பட்டியல் எண் 6360 008. லேபிளில் அச்சான எண்ணோடு வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். உறையில் பட்டைக்கோடு (பார்கோடு) இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைப் பொருள்களில் பட்டைக்கோடு புழக்கத்துக்கு வந்ததே 1974-இல்தான், இசைத்தட்டு உறைகளுக்கு அதற்கும் பிறகே வந்தது. பட்டைக்கோடோடு 1970-இன் முதல் அச்சு இருக்க வழியே இல்லை. ‘180 கிராம்’ என்ற ஒட்டுத்தாளும் இந்தக் காலத்து விற்பனை உத்திதான்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர்கள் கேட்கிற தொகையைப் பார்க்காதீர்கள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பதிப்பும் இதற்கு முன் என்ன விலைக்கு விற்றது என்ற விவரம் இருக்கிறது. அதைப் பாருங்கள். தட்டின் நிலைக்கேற்ப விலை பல மடங்கு மாறும்.

இன்னொரு பொய்யைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் விழுகிறார்கள். ‘இது ஐரோப்பிய அச்சு, அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது, எல்லாம் சட்டப்படிதான்’ என்பார்கள். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலம் முன்பு 50 ஆண்டுகள். 2011-இல் அதை 70 ஆண்டுகளாக நீட்டினார்கள். அந்த நீட்டிப்பு நடைமுறைக்கு வருவதற்குள் காலம் முடிந்துபோன, 1962 வரையிலான வெளியீடுகள் மட்டுமே பொதுச்சொத்தாகிவிட்டன. அதனால்தான் ஐம்பதுகளின் ஜாஸ் தட்டுகளை யார் வேண்டுமானாலும் அங்கே அச்சடிக்கிறார்கள். ஜாஸ்-ராக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. 1967-இல் வெளியான தட்டுக்கு 2037 முடியும் வரை உரிமை உண்டு. எனவே அனுமதியில்லாமல் அச்சடித்த எந்த ஜாஸ்-ராக் தட்டும் கள்ள அச்சுதான். பெரும்பாலும் ஒரு சி.டி.யிலிருந்து எடுத்த ஒலியைத்தான் அதில் பொறித்திருப்பார்கள். வாசித்த கலைஞருக்கு ஒரு காசும் போகாது.

தரகர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்தப் பள்ளத்தைத் தோண்டியவை பெரிய நிறுவனங்கள். ஏ.பி.சி. என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தை 1979-இல் எம்.சி.ஏ. வாங்கியது, அது பின்னர் யுனிவர்சல் ஆனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சின்னக் குழுக்களின் மூலப்பதிவு நாடாக்கள் கிடங்கின் அடியில் இன்னும் ஆழமாகப் புதைகின்றன. அவர்களும் வெளியிட மாட்டார்கள், கேட்டு வருகிற சிறு நிறுவனங்களுக்கும் எளிதில் உரிமம் தர மாட்டார்கள். இசைச் செயலிகளோ இன்னும் மோசம். 1969-இன் ஆல்பத்துக்கு மறுவெளியீடு வந்த ஆண்டைப் போடுகிறார்கள். டிரம்ஸ் வாசித்தவர் யார், பாஸ் கிட்டார் யார் என்ற விவரத்தை எங்கோ ஒளித்துவைக்கிறார்கள் அல்லது விட்டேவிடுகிறார்கள். அங்கே ‘ஃப்யூஷன்’ (ஜாஸ்-ராக்கின் இன்னொரு பெயர்) என்று தேடினால் எண்பதுகளின் ஹோட்டல் வரவேற்பறை இசைதான் கொட்டும். இவ்வளவு கணினி வசதி இருக்கும் காலத்தில், பழைய அட்டை உறை சொன்ன விவரத்தைக்கூட இவர்களால் சொல்ல முடியவில்லை என்பது எனக்குத் தீராத கோபம்.

அந்த அட்டை உறைதான் உங்கள் வழியும். பக்கவாத்தியம் யார் என்று பார்த்துக் கச்சேரிக்குப் போகிற பழக்கம் நமக்கு உண்டல்லவா, அதையே இங்கேயும் செய்யுங்கள். வகையின் பெயரைத் தேடாதீர்கள், வாசித்தவரின் பெயரைத் தேடுங்கள். டிஸ்காக்ஸில் ஒரு கலைஞரின் பெயரைத் தொட்டால் அவர் வாசித்த தட்டுகள் ஆண்டு வரிசையில் வரும். நீங்கள் அறிந்த ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

லாரி கோரியல் என்ற கிட்டார் கலைஞரிடம் தொடங்கலாம். 1967-இல் இவருக்கு இரண்டு முக்கியமான ஆல்பங்கள். ஒன்று வைப்ராபோன் கலைஞர் கேரி பர்ட்டனின் ‘டஸ்டர்’. மற்றது த ஃப்ரீ ஸ்பிரிட்ஸ் குழுவின் ‘அவுட் ஆஃப் சைட் அண்ட் சவுண்ட்’, ஏ.பி.சி. வெளியீடு. ஜாஸ்-ராக்கின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ பதிவானது 1969 ஆகஸ்டில். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வந்துவிட்டது இந்தத் தட்டு. முதல் முறை கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் பாடல்கள் குட்டையானவை, பாடல்வரிகளும் உண்டு. சாக்ஸபோனின் ஒலியை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். அதை வாசிப்பவர் ஜிம் பெப்பர், அமெரிக்கப் பழங்குடியினர். 1971-இல் அவர் தன் பெயரில் வெளியிட்ட ‘பெப்பர்ஸ் பவ் வாவ்’ ஆல்பத்தில் தன் மக்களின் பாட்டை ஜாஸோடும் ராக்கோடும் சேர்த்தார். அதில் கிட்டார் மறுபடியும் கோரியல். டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர் பில்லி கோபாம், உங்கள் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் அதே கோபாம். எந்தப் பட்டியலும் இல்லாமல், பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். (இந்தத் தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் எம்ப்ரியோ. ஜெர்மனியில் அதே பெயரில் ஓர் அருமையான குழு இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை, தேடும்போது குழம்பாதீர்கள்.)

ஃப்ரீ ஸ்பிரிட்ஸின் டிரம்ஸ் கலைஞர் பாப் மோசஸைத் தொடர்ந்தால் 1968-இன் ‘டுமாரோ நெவர் நோஸ்’ வரும். சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் மார்கஸ், பீட்டில்ஸ், பேர்ட்ஸ் குழுக்களின் பாடல்களை எடுத்துப் பிய்த்து உதறிய ஆல்பம் அது. கோரியலும் உண்டு. பியானோ வாசித்த மைக் நாக் நியூஸிலாந்துக்காரர். அவர் அறுபதுகளின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய குழு த ஃபோர்த் வே. மைக்கேல் வைட்டின் வயலினும் மின்பியானோவும் சேர்ந்து போகிற அந்த இசைக்கு ஈடான பெயர் அதற்குக் கிடைக்கவே இல்லை. மான்ட்ரூவில் 1970-இல் நேரடியாகப் பதிவான ‘வெர்வுல்ஃப்’ ஆல்பத்தை எங்கு கிடைத்தாலும் கேளுங்கள்.

மகாவிஷ்ணுவின் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் பக்கம் போனால் டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் லைஃப்டைம் குழுவும் 1969-இன் ‘எமர்ஜென்சி!’ ஆல்பமும் வரும். அதைப் பலரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. மெக்லாக்லினின் சக்தி குழுவை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். நம் வித்வான்கள் வாசித்த மகத்தான குழுதான், ஆனால் அதில் ராக் இல்லை.

பெயரைப் பின்தொடரும் இந்த முறை ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கே திரும்பிவிடுகிறார்கள். மகாவிஷ்ணுவில் கீபோர்டு வாசித்த யான் ஹாமரும், வெதர் ரிப்போர்ட்டின் பாஸ் கலைஞர் மிரோஸ்லாவ் விதோஷும் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகாவைச் (பிராக்) சேர்ந்தவர்கள், இளவயதில் சேர்ந்து வாசித்தவர்கள். விதோஷ் படிக்க அமெரிக்கா போனார். 1968-இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த பிறகு ஹாமரும் ஊர் திரும்பவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவிலேயே தங்கிவிட்டவர்கள் என்ன வாசித்தார்கள்? இவர்கள் இருவரின் தட்டுகளை எவ்வளவு புரட்டினாலும் அதற்கு விடை கிடைக்காது. எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் இந்தப்பக்கத்துத் தட்டுகளில் வாசிக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அங்கே கலைஞரின் பெயரை விட்டுவிட்டு நிறுவனத்தின் பெயரைப் பிடிக்க வேண்டும். இசைத்தட்டு வெளியீடு அரசின் கையில் இருந்த நாடு அது. சுப்ராஃபோன், பான்டன், ஓபுஸ் என்று இருந்தவை மொத்தமே சில நிறுவனங்கள். டிஸ்காக்ஸில் நிறுவனத்தின் பெயரையும் 1970 முதல் 1975 வரையிலான ஆண்டுகளையும் கொடுத்துத் தேடினால், ஓரிரு மாலைகளில் மொத்தப் பரப்பையும் பார்த்துவிடலாம்.

அங்கும் ஒரு சிக்கல் உண்டு. படையெடுப்புக்குப் பிந்தைய ஆட்சி, குழுக்களுக்கு ஆங்கிலப் பெயர் இருப்பதை விரும்பவில்லை. கிட்டார் கலைஞர் ராதிம் ஹ்லாதீக்கின் புளூ எஃபெக்ட் குழு அதனால் மோத்ரி எஃபெக்ட் ஆனது, எம். எஃபெக்ட் என்றும் சுருங்கியது. இசைச் செயலியில் ஒரே குழுவின் தட்டுகள் மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கலாம். ஒன்றைத் தேடிவிட்டு இவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள், மூன்றையும் தேடுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது ‘கோனியுங்க்ட்சியோ’. புளூ எஃபெக்டும், மார்ட்டின் க்ராதோக்வீல், யிர்ஷி ஸ்தீவின் இருவரின் ஜாஸ் க்யூ குழுவும் சேர்ந்து சுப்ராஃபோனுக்காக 1970-இல் செய்த ஆல்பம். முதல் உருப்படியே ஏறத்தாழ 19 நிமிடம். தொடக்கத்தில் சத்தமும் சிதறலுமாக இருக்கும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து, 1971-இல் வானொலி ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவோடு மோத்ரி எஃபெக்ட் பதிவு செய்த ‘நோவா சிந்தேசா’. அதன் பிறகு ஜாஸ் க்யூ 1973-இல் தனியாகச் செய்த ‘பொசொரோவாதெல்னா’. இந்த மூன்றையும் கேட்க ஒரு தட்டுகூட வாங்க வேண்டியதில்லை. பிடித்துப்போய் வாங்கத் தோன்றினால், பிராகாவில் நேரடியாகக் கடை வைத்திருப்பவர்களிடமே வாங்குங்கள், இங்கிருக்கும் எந்தத் தரகர் வழியாகவும் வேண்டாம்.