தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கதவு சென்சாரை ஆபரேட்டர்கள் பைபாஸ் செய்கிறார்கள், அதாவது கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி ஏமாற்றுகிறார்கள். மெமோ கொடுத்தும் நிற்கவில்லை. மேலாளர் என்ன செய்யலாம்?

மெமோவை நிறுத்திவிட்டு, ஒரு ஷிஃப்ட் முழுக்க அந்த மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். தகடு எத்தனை முறை சிக்குகிறது, கதவைத் திறந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த நேரத்தை டார்கெட்டில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். டார்கெட் போட்டது நிர்வாகம் என்றால், பைபாஸுக்கு முதல் பொறுப்பும் நிர்வாகத்துக்குத்தான். தகடு சிக்காதபடி டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை) சரிசெய்யுங்கள், அதுவரை டார்கெட்டைக் குறையுங்கள். தன் ஜோடித் துண்டை மட்டுமே அடையாளம் காணும், எளிதில் ஏமாற்ற முடியாத கோடட் சென்சார் போடலாம்தான், ஆனால் தகடு சிக்குவது தீராவிட்டால் வேறு குறுக்குவழி முளைக்கும்.

டையில் கைவைக்கும் பராமரிப்பு வேலைக்குக் கதவு சென்சார் போதவே போதாது. மெயின் ஸ்விட்சை அணைத்து, வேலை செய்பவர் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். மெக்கானிக்கல் பிரஸ்ஸில் மின்சாரம் போன பிறகும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது முழுதாக நிற்கட்டும். பிறகு மேலும் கீழும் நகரும் ஸ்லைடு விழாதபடி சேஃப்டி பிளாக் முட்டுக் கொடுத்து, காற்றழுத்தத்தை வெளியேற்றி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மெஷின் ஓடவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அவசரத்தில் விடுபடுவது இந்தக் கடைசிச் சோதனைதான்.

‘விபத்தில்லா மாதம்’ போனஸ் இருந்தால் நிறுத்திவிடுங்கள். சக ஊழியர்களின் பணம் போகுமே என்று விரல் நசுங்கியவர்கூடச் சொல்லாமல் மறைப்பார்.