மின்கத்திப் புகை: வாசகர் கேள்வி பதில்

கே: டயத்தர்மியால் (மின்கத்தியால்) தசையைச் சுடும்போது எழும் புகையை அகற்ற வேண்டுமென்று சட்டமே இருக்கிறதாமே?
– தாதி உத்தியோகத்தர், ஹட்டன்

ப: அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருக்கிறது. முதலில் றோட் ஐலண்ட், 2018இல். அடுத்த ஆண்டு கொலராடோ. புகை வரும் சத்திரசிகிச்சைகளில் அதை அகற்றும் முறையை வைத்தியசாலை கொள்கையாக வகுத்துப் பாவிக்க வேண்டும் என்பதே சாரம்.

சட்டம் இருக்கட்டும், உங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் புகை உறிஞ்சும் குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுடும் இடத்திலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் புகை நேரே உங்கள் முகத்துக்குத்தான். இரத்தம் உறிஞ்சும் சுவர்க் குழாயையே இதற்கும் பாவிப்பது வழக்கமான பிழை: இழுவை போதாது, இடையில் வடிகட்டி இல்லாவிட்டால் குழாய் நாளடைவில் அடைபடும். புகை அகற்றும் கருவியிலுள்ள அல்பா (ULPA) எனும் மிக நுண்ணிய வடிகட்டி 0.12 மைக்ரோன் துகளிலும் 99.999 வீதத்தைப் பிடிக்கும். கழற்றிய வடிகட்டியைத் தொற்றுக் கழிவாகவே போடுங்கள். சாதாரண முகக்கவசம் இந்தப் புகைக்கு உதவாது. என்95 ஓரளவு காக்கும், பென்சீன் போன்ற வாயுக்களை அதுவும் தடுக்காது. நுவரெலியாக் குளிரில் கதவைச் சாத்தி ஸ்பிளிட் ஏசி போட்டால், அதே காற்றுத்தான் சுற்றும்.

கே: நோயாளிக்கும் பாதிப்பா?
– வாசகி, பதுளை

ப: லப்பரஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சையில், உண்டு. புகை வயிற்றுக்குள்ளேயே தேங்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு இரத்தத்தில் கலக்கும், கமராவும் மங்கும். துளைக்குழாயின் திருகைத் திறந்து அறைக்குள் விடாமல், வடிகட்டி பூட்டிய குழாய் வழியே வெளியேற்ற வேண்டும்.